எல்லாம் நானே செய்யிறன்: ஜேர்மனியில் நிராகரிக்கப்பட்ட ஒரு பராமரிப்பு விண்ணப்பமும் அதன் ஆட்சேபனையும்

ஜேர்மனியின் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் மகளின் குடும்பத்தோடு வாழும் 76 வயதான யாழ்ப்பாணத்துத் தாயார் ஒருவருக்கு, அவருடைய பராமரிப்புக் காப்புறுதி நிதியத்திடமிருந்து 2025 மார்ச் 10ஆம் திகதியிட்ட கடிதம் ஒன்று வந்தது. மதிப்பீட்டில் அவர் 8.75 புள்ளிகள் பெற்றிருப்பதாகவும், மிகக் குறைந்த பராமரிப்புத் தரநிலைக்கே 12.5 புள்ளிகள் வேண்டும் என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது. அப்போது அவருக்கு மறதிநோய் உறுதிசெய்யப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. இரவில் எழுந்து வாசற்கதவைத் திறக்க முயல்வார் என்பதால், மகள் வரவேற்பறைச் சோபாவிலேயே உறங்கப் பழகியிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் அதே நிதியம் அவருக்கு 42.5 புள்ளிகளுடன் இரண்டாம் தரநிலையை வழங்கியது. இடைப்பட்ட மாதங்களில் தாயாரின் நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அவருடைய அன்றாட வாழ்க்கை காகிதத்தில் பதிவான விதமே மாறியிருந்தது.

அந்த ஆட்சேபனையைத் தயாரிப்பதில் குடும்பத்துக்குத் துணையாக இருந்தவன் என்ற முறையில், அவர்களுடைய சம்மதத்தோடு, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி இந்த ஆய்வை எழுதுகிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜேர்மனிக்கு வந்த நம்மவர்களின் முதல் தலைமுறை இப்போது முதுமையை எட்டிவிட்டது. நிராகரிப்புக் கடிதம் வந்ததும் அதை அலுமாரியில் வைத்துவிட்டு, "சரி, பிறகு திரும்பப் போட்டுப் பார்ப்போம்" என்று இருந்துவிடும் குடும்பங்கள் பலவற்றை நான் அறிவேன். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இந்த ஒரு நிகழ்வே காட்டும்.

சட்டம் எதை அளக்கிறது

ஜேர்மனியில் நீண்டகாலப் பராமரிப்புக்கான கட்டாயக் காப்புறுதி 1995 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் உடற்பராமரிப்புக்கு ஒரு நாளில் எத்தனை நிமிட உதவி தேவைப்படுகிறது என்பதே முதன்மையான அளவுகோலாக இருந்தது. ஆகவே நடக்கவும் உண்ணவும் முடிந்த, ஆனால் எங்கே இருக்கிறோம் என்று அறியாத மறதிநோயாளிகள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போனார்கள். 2017 ஜனவரி 1 முதல் நிமிடக் கணக்கு கைவிடப்பட்டு, ஒருவர் தம் வாழ்க்கையை எவ்வளவு தூரம் பிறர் உதவியின்றி நடத்துகிறார் என்பதை ஆறு பகுதிகளில் மதிப்பிட்டு, நூறு புள்ளிகளுக்குள் வரிசைப்படுத்தும் முறை வந்தது. ஃபிளேகெகிராட் என்று இங்கு அனைவரும் சொல்லும் பராமரிப்புத் தரநிலைகள் ஐந்து. 12.5 புள்ளிகளில் முதலாவதும், 27இல் இரண்டாவதும், 47.5இல் மூன்றாவதும், 70இல் நான்காவதும், 90இல் ஐந்தாவதும் தொடங்குகின்றன.

ஆறு பகுதிகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. குளித்தல், உடுத்தல், உண்ணல், மலசலகூடம் செல்லல் ஆகியவை அடங்கிய சுயபராமரிப்புக்கு 40 விழுக்காடு, மருந்து, ஊசி, அளவீடு, வைத்தியரிடம் செல்லல் முதலிய நோய் சார்ந்த காரியங்களுக்கு 20, அன்றாட ஒழுங்குக்கும் சமூகத் தொடர்புகளுக்கும் 15, நடமாட்டத்துக்கு 10. எஞ்சிய 15 விழுக்காட்டை அறிதிறன், நடத்தை ஆகிய இரு பகுதிகளும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுள் எது அதிகமோ அது மட்டுமே கணக்கில் சேரும். சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல் போன்ற வீட்டு வேலைகள் அறிக்கையில் பதியப்பட்டாலும் புள்ளி பெறுவதில்லை. குடும்பங்கள் தங்கள் களைப்பைச் சொல்லும்போது முதலில் சொல்வது இவற்றைத்தான் என்பதால், இது பலருக்கும் கசப்பான செய்தி.

மார்ச் மாத மதிப்பீடு

மதிப்பீட்டாளர் வந்தபோது தாயார் தலைவாரிப் பொட்டிட்டு, நல்ல சேலை உடுத்தி அமர்ந்திருந்தார். உடுத்திவிட்டவர் மகள் என்பதை யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கிறார், அவரை நன்றாக வரவேற்க வேண்டும் என்ற உணர்வு மறதிநோயிலும் நீண்டகாலம் அழியாமல் இருப்பது. அதே உணர்வோடு அவர் தேநீர் குடிக்கச் சொன்னார், வந்தவரின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். மொழிபெயர்த்தவர் பதினேழு வயதுப் பேரன். "அம்மம்மா, தனியத்தான் குளிக்கிறனீங்களோ?" என்று அவன் கேட்டபோது, "ஓம் அப்பன், எல்லாம் நானே செய்யிறன்" என்பதே பதில். சிறுநீர் பற்றிய கேள்வியை அவன் கேட்கவே கூசினான். "பிரச்சினை இல்லையாம்" என்று தானே சொல்லிவிட்டான். மகள் அருகில்தான் இருந்தார். ஆனால் தாயாரின் முன்னிலையில், அந்நியர் ஒருவரிடம், "அம்மாவுக்கு ஏலாது" என்று சொல்வது தாயாரை அவமதிப்பதாகும் என்று எண்ணி வாய் திறக்கவில்லை.

மதிப்பீட்டாளர் கண்டதையும் கேட்டதையும் நேர்மையாக எழுதியிருந்தார் என்றே நான் கருதுகிறேன். முடிவுக் கடிதத்தோடு வந்த அறிக்கையை வரி வரியாகப் படித்தபோது, நடமாட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி, அறிதிறனுக்கு 4, நடத்தைக்கு 0, சுயபராமரிப்புக்கு 2, மருந்துக்கு 1, அன்றாட ஒழுங்குக்கு 0 என்றிருந்தது. இவை எடையிடப்படும்போது அறிதிறனுக்கு 3.75உம் மருந்துக்கு 5உம் கிடைத்து, மற்றவை பூச்சியமாகின. ஒவ்வொரு பகுதியிலும் மதிப்பீட்டாளர் இடும் மூலப்புள்ளிகள் ஒரு குறித்த எல்லையைத் தாண்டினால்தான், மொத்தத்தில் சேரும் எடைப்புள்ளி ஏறும். சுயபராமரிப்பில் 2 வரை பூச்சியம், 3 முதல் 7 வரை 10, 8 முதல் 18 வரை 20 என்று படிப்படியாகத் தாவும் அட்டவணை அது. ஒரே ஒரு மூலப்புள்ளி மொத்தத்தில் பத்துப் புள்ளிகளை மாற்றிவிடக்கூடும் என்பதை அறியாமல் ஆட்சேபனை எழுதினால், எங்கே அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதே தெரியாது.

ஆட்சேபனையா, புதிய விண்ணப்பமா

தாயாரின் மகன் வேறொரு நகரில் இருக்கிறார். சில மாதங்கள் பொறுத்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். அதை நான் உறுதியாக மறுத்தேன். பராமரிப்புத் தேவை முன்னரே இருந்து, விண்ணப்பம் பின்னர் கொடுக்கப்பட்டால், விண்ணப்பித்த மாதத்தின் முதல் நாளிலிருந்து உதவி கணக்கிடப்படும் என்பது சட்டம். ஆட்சேபனை வென்றால் பழைய விண்ணப்பத்தின் மாதமே நிலைக்கும். புதிய விண்ணப்பம் போட்டால் இடைப்பட்ட மாதங்கள் திரும்பக் கிடைக்கா. இந்தத் தாயார் பெப்ரவரி தொடக்கத்தில் விண்ணப்பித்திருந்தார். மே மாதத்தில் புதிதாக விண்ணப்பித்து இரண்டாம் தரநிலையே கிடைத்திருந்தாலும், 2025இல் அதற்குரிய மாதப் பராமரிப்புத் தொகை 347 யூரோ என்ற கணக்கில், மூன்று மாதங்களுக்கான 1,041 யூரோவை அவர்கள் கைவிட்டிருப்பார்கள்.

விடர்ஷ்புருக் எனப்படும் இந்த ஆட்சேபனைக்கு, முடிவு கிடைத்ததிலிருந்து ஒரு மாத அவகாசம் உண்டு. தபாலில் வந்த கடிதம், அனுப்பப்பட்ட நாளிலிருந்து நான்காம் நாள் கிடைத்ததாகக் கொள்ளப்படும். 2024 இறுதிவரை அது மூன்றாம் நாளாக இருந்தது. மார்ச் 10இல் அனுப்பப்பட்ட கடிதம் மார்ச் 14இல் கிடைத்ததாகிறது, ஆகவே இறுதி நாள் ஏப்ரல் 14. முறையீட்டு உரிமை பற்றிய விளக்கம் கடிதத்தில் விடுபட்டிருந்தால் அவகாசம் ஓராண்டாக நீளும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. இங்கு விளக்கம் ஒழுங்காகவே இருந்தது.

ஒரு மாதத்துக்குள் முழு நியாயத்தையும் எழுதி முடிக்க வேண்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. மார்ச் இறுதியில் நாங்கள் அனுப்பிய கடிதம் இவ்வளவுதான்: இன்ன திகதியிட்ட முடிவை எதிர்த்து ஆட்சேபனை தெரிவிக்கிறோம், காரணங்களைப் பின்னர் அனுப்புகிறோம். கையொப்பமிட்ட தாள், பதிவுத் தபால், ரசீது. சாதாரண மின்னஞ்சல் எழுத்துவடிவ ஆட்சேபனையாக ஏற்கப்படாது. தாயாருக்குப் பதிலாக மகள் கையொப்பமிட வேண்டியிருந்ததால் அதிகாரமளிப்புப் பத்திரத்தின் பிரதியும் இணைக்கப்பட்டது. நோய் உறுதியான உடனேயே, தாயார் புரிந்து கையொப்பமிடக்கூடிய நிலையில் இருந்தபோதே அதை எழுதி வைத்திருந்தார்கள். அந்த முன்யோசனை இல்லாதிருந்தால், சட்டப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தை நாடும் நிலைகூட வந்திருக்கலாம்.

இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. நிதியங்கள் வழங்கும் பராமரிப்பு ஆலோசனையும் இலவசமே. ஃபிளேகெஸ்டுட்ஸ்புங்க்ட் என்ற ஆலோசனை நிலையங்களிலும் உதவி பெறலாம். ஃபவுடேகா போன்ற சமூக நலச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக ஆட்சேபனையை எழுதிக் கொடுப்பதும் உண்டு.

சான்றுகள்

மகன் எழுதிவந்த முதல் வரைவில் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், மூட்டுவாதம், மறதிநோய் என நோய்களின் பட்டியல் ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. அன்பும் கோபமும் கலந்த எழுத்து. ஆனால் புள்ளி பெறாத எழுத்து. நோயின் பெயர் எத்தனை பெரியதாக இருந்தாலும் இந்த முறையில் அதற்குத் தனிப் புள்ளி கிடையாது. அந்த நோயால் ஒரு செயலை எவ்வளவு தூரம் பிறர் உதவியோடு செய்ய வேண்டியிருக்கிறது, எத்தனை தடவை என்பதே கேள்வி. ஆகவே பட்டியலை ஒரு பத்தியாகச் சுருக்கிவிட்டு, அறிக்கையின் வரிசையையே எங்கள் கடிதத்தின் வரிசையாக எடுத்துக்கொண்டோம்.

மகள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். முதல் சில பக்கங்களில் "குளிக்க உதவினேன்", "இரவு நித்திரை இல்லை" என்ற அளவிலேயே இருந்தது. குளியலுக்கு எத்தனை முறை அழைக்க வேண்டியிருந்தது, எந்த இடத்தில் தாயார் நின்றுவிட்டார், சவர்க்காரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தது என்ன என்று அறியாமல் நின்றாரா, யார் தண்ணீரின் சூட்டைச் சரிபார்த்தது என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். இந்த விவரம் ஏன் முக்கியம் என்றால், சொல்லி நினைவூட்டினாலே போதும் என்ற நிலைக்கும், அருகில் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நிலைக்கும் மதிப்பீட்டில் வெவ்வேறு புள்ளிகள் இருக்கின்றன. முதலாவது "பெரும்பாலும் தானே செய்வார்" என்றும், இரண்டாவது "பெரும்பாலும் தானே செய்யார்" என்றும் கொள்ளப்படும். கை கால்கள் நன்றாக இயங்கும் ஒருவருக்கும் இரண்டாம் நிலை பொருந்தும் என்பதை மகள் அப்போதுதான் அறிந்தார்.

நடத்தைப் பகுதியே இந்த ஆட்சேபனையின் உயிர்நாடி. முதல் அறிக்கையில் அது பூச்சியம். நாட்குறிப்போ, கிழமையில் பல இரவுகள் தாயார் எழுந்து "வீட்ட போகவேணும்" என்று வாசலுக்குச் சென்றதையும், மகள் அவரைக் கதைத்து அமைதிப்படுத்திப் படுக்கவைக்க நெடுநேரம் ஆனதையும் காட்டியது. குளியலை மறுத்துக் கோபிப்பதும் கிழமையில் பல தடவை நிகழ்ந்தது. தம் சங்கிலியை யாரோ எடுத்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டுவது அவ்வளவு அடிக்கடி இல்லை. இந்தப் பகுதியில் நிகழ்வின் தீவிரத்துக்குப் பதிலாக, பிறர் தலையிட வேண்டியிருந்த தடவைகளே எண்ணப்படுகின்றன: இரு கிழமைக்குள் ஒன்று முதல் மூன்று தடவை எனில் 1, கிழமையில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ எனில் 3, நாள்தோறும் எனில் 5. சங்கிலி விடயத்தை வெளியே சொல்ல மகள் மிகவும் வருந்தினார். பெற்ற தாய் தன்னையே கள்ளி என்று சொன்னதை ஒரு அலுவலகத்துக்கு எழுதுவது எளிதன்று. அதை நோயின் செயலாக மட்டும், யார் மீது குற்றஞ்சாட்டப்பட்டது என்ற விவரமின்றி எழுதினோம்.

இன்சுலின் பற்றியும் திருத்தம் தேவைப்பட்டது. "தாமே ஊசி போட்டுக்கொள்கிறார்" என்று அறிக்கையில் இருந்தது. ஊசிப் பேனாவைப் பிடித்துக் குத்துவது தாயார்தான். அளவைத் திருப்பி வைப்பதும், ஏற்கனவே போட்டாயிற்றா என்று பார்ப்பதும் மகள். முந்திய டிசம்பரில், போட்டதை மறந்து மீண்டும் போட்டுக்கொண்டதால் சர்க்கரை அளவு சரிந்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டிருந்தார். அந்த வைத்தியசாலைக் கடிதத்தை குடும்பம் முதல் மதிப்பீட்டின்போது காட்டவே இல்லை, யாரும் கேட்கவில்லை என்பதால். குடும்ப வைத்தியரும் நரம்பியல் மருத்துவரும் தந்த குறிப்புகளோடு அதையும் இணைத்தோம். மேற்பார்வையோடு கொடுக்கப்படும் மாத்திரை நாளுக்கு மூன்று வேளை, சர்க்கரை அளவீடு ஒன்று, ஊசி ஒன்று என ஐந்து தடவை பிறர் உதவி என்பது அப்போது தெளிவாகியது.

நடமாட்டத்தை நாங்கள் தொடவில்லை. மாடிப்படியில் மட்டும் சிறிது துணை வேண்டும் என்று அறிக்கை சொன்னது சரியே. சரியாக எழுதப்பட்டதைச் சரி என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் மற்ற திருத்தங்களுக்கு நம்பகத்தன்மை கூடுகிறது என்பது என் உறுதியான கருத்து. மே தொடக்கத்தில் காரணங்கள் அனுப்பப்பட்டன.

இரண்டாம் மதிப்பீடு

ஜூனில் வேறொரு மதிப்பீட்டாளர் வீட்டுக்கு வந்தார். இம்முறை பேரன் பாடசாலைக்குப் போய்விட்டான். ஜேர்மன் நன்கு தெரிந்த, குடும்பத்துக்கு வெளியே உள்ள பெண்மணி ஒருவர் மொழிபெயர்த்தார். காப்புறுதி பெற்றவரின் சம்மதத்தோடு பராமரிக்கும் உறவினரிடமும் விசாரிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருப்பதால், தாயார் இல்லாத இடத்தில் மகளோடு தனியாகப் பேசும்படி முன்கூட்டியே எழுத்தில் கேட்டிருந்தோம். சமையலறையில் அந்த உரையாடல் நடந்தது. தாயார் அன்று வழமைபோல் வீட்டு உடுப்பில் இருந்தார். அவர் இம்முறையும் "எல்லாம் நானே செய்யிறன்" என்றார். மதிப்பீட்டாளர் மறுத்துப் பேசவில்லை. குளியலறையைக் காட்டச் சொல்லி, முகம் கழுவுவதை எப்படித் தொடங்குவீர்கள் என்று கேட்டார். தாயார் குழாயருகே போய் நின்றுவிட்டார். அவருடைய மதிப்பைக் காயப்படுத்தாமலே உண்மை வெளிப்பட்டது, அதற்காக அந்த மதிப்பீட்டாளரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

புதிய அறிக்கையில் அறிதிறனுக்கு 12 மூலப்புள்ளிகள், அதாவது 11.25. நடத்தைக்கு இரவு அமைதியின்மை 3, குளியல் மறுப்பு 3, சங்கிலி பற்றிய ஐயப்பாடு 1 என 7 கிடைத்து அது 15 ஆனது. இரண்டில் பெரியதான 15 மட்டும் சேர்ந்தது. மருந்துப் பகுதியில் நாளுக்கு ஐந்து தடவை உதவிக்கு 2, உணவுக் கட்டுப்பாட்டை நினைவூட்டுவதற்கு 1, ஆக 10. அன்றாட ஒழுங்கில் 6 மூலப்புள்ளிகளுக்கு 7.5. சுயபராமரிப்பில் குளியலுக்கு 2, நீர் அருந்த நினைவூட்டுவதற்கு 2, தலைப்பகுதித் தூய்மைக்கும் அந்தரங்கப் பகுதித் தூய்மைக்கும் கீழுடுப்புக்கும் ஒவ்வொன்று என 7 வந்து, அது 10 ஆனது. மொத்தம் 42.5. ஜூலையில் வந்த முடிவு, பெப்ரவரி 1 முதல் இரண்டாம் தரநிலையை ஏற்றது. ஆறு மாத நிலுவையாக 2,082 யூரோ வங்கிக் கணக்குக்கு வந்தது.

முடிவுக்கு வராத ஒரு கேள்வி

சுயபராமரிப்பில் 7க்குப் பதிலாக 8 இருந்திருந்தால் எடைப்புள்ளி 20 ஆகி, மொத்தம் 52.5ஐ எட்டி, மூன்றாம் தரநிலை கிடைத்திருக்கும். மாதத் தொகை 599 யூரோ, வித்தியாசம் 252 யூரோ. ஆட்சேபனையின் எஞ்சிய பகுதியைத் தொடர்வதா என்று நிதியம் கேட்டது. தொடர்ந்தால் நிதியத்தின் ஆட்சேபனைக் குழு முடிவெடுக்கும். அதுவும் மறுத்தால் ஒரு மாதத்துக்குள் சமூக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். காப்புறுதி பெற்றவர்களுக்கு அங்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை; நீதிமன்றம் தானே ஒரு நிபுணரை நியமித்து மீண்டும் மதிப்பிடச் செய்யவும் கூடும்.

மகன் தொடர வேண்டும் என்றார். ஒரே புள்ளிதானே, மேலுடுப்பு அணிவதில் அது கிடைக்காதா என்பது அவர் வாதம். மகளோ நாட்குறிப்பை எடுத்து விரித்தார். எடுத்து வைத்தால் பெரும்பாலான நாட்களில் தாயார் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார் என்றும், சட்டையை எடுத்து வைப்பதுகூட பல நாட்களில் தேவைப்படவில்லை என்றும் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தது. ஆட்சேபனைக்கு வலிமை தந்ததே அந்தக் குறிப்பின் உண்மைதான்; அதே குறிப்பு எதிராகச் சொல்லும் ஒன்றை வலியுறுத்துவது முறையன்று என்று நானும் கருதினேன். நிலைமை மோசமடையும்போது தரநிலையை உயர்த்தக் கோரி எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்க முடியும். ஆட்சேபனை மீளப்பெறப்பட்டது. நாட்குறிப்பு நிறுத்தப்படவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் கட்டாய ஆலோசனையாளரிடம் அது காட்டப்படுகிறது.

கடைசியாக ஒரு படிவம். இரண்டாம் தரநிலை முதல், கிழமைக்குக் குறைந்தது பத்து மணித்தியாலம், குறைந்தது இரண்டு நாட்களில் பராமரிக்கும் உறவினர் ஒருவருக்கு, அவர் கிழமைக்கு 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யாதவராயின், பராமரிப்பு நிதியமே ஓய்வூதியப் பங்களிப்பைச் செலுத்துகிறது. தாயாருக்காக முழுநேர வேலையை இருபது மணித்தியாலமாகக் குறைத்திருந்த மகளுக்கு அது பொருந்தும். ஜூலை முடிவோடு வந்திருந்த அந்தக் கேள்விப்படிவத்தை விளம்பரத் தாள் என்று எண்ணி ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை நிரப்பி அனுப்பினோம்.